குப்பைக்குழிக் கருடன்

என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் பள்ளியில் ஒரு வேலை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். எங்கும் காணக் கிடைக்கிற உயிரினம் ஒன்று, அழிந்துகொண்டிருக்கிற உயிரினம் ஒன்று, இரண்டையும் ஒப்பிட்டு சார்ட்டில் அட்டவணை போட வேண்டும். வகுப்பில் பாதிப்பேர் காக்காயையும் புலியையும் எடுத்துக்கொண்டார்களாம். மீதிப்பேர் நாயும் யானையும். "எனக்கு ஒண்ணுமே மிச்சமில்லம்மா" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுப்படிக்கு வந்து நின்றாள். ரசம் நுரைத்து வருவதைப் பார்த்துக்கொண்டே, "சாணி வண்டும் பாறும் எழுது" என்றேன்.

"பாறுன்னா என்னம்மா?"

"பிணந்தின்னிக் கழுகு."

"அய்ய! சாணியும் பொணமும்தான் கெடச்சுதா ஒனக்கு?"

இந்த "அய்ய" எனக்குப் புதிதில்லை. ஒன்பது வயதில் இதே இரண்டு ஜீவன்களுக்காக என் அம்மாவிடம் இதே "அய்ய"வை வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். அந்தக் கதையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாதே என்று கேட்டுக்கொண்டவர் இப்போது உயிரோடு இல்லை என்பதால் சொல்கிறேன்.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துப் பக்கம், வெண்ணாற்றை ஒட்டியது. அப்பா மஸ்கட்டில் இருந்தார். வீட்டில் அம்மாவும் நானும், வேலை கிடைக்கிற வரைக்கும்தான் என்று சொல்லி ஐந்து வருஷமாக எங்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த சித்தப்பாவும். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவும் பெரியம்மாவும். கொல்லைக் கடைசியில் செவலை என்கிற எங்கள் பசுமாட்டின் கொட்டகை. அதற்கும் பின்னால் சாணியும் வைக்கோல் கூளமும் கொட்டுகிற குப்பைக்குழி.

அந்தக் குழிதான் எனக்கு விளையாட்டு மைதானம். அங்கே எனக்கு இரண்டு சிநேகிதம். ஒன்று உருட்டி வண்டு. கறுப்பாகப் புளியங்கொட்டை அளவில் இருக்கும். சாணியை உருண்டை பிடித்து, தலையைக் கீழே ஊன்றி, பின்னங்காலால் தள்ளிக்கொண்டே பின்பக்கமாகப் போகும். எங்கே போகிறோம் என்று ஒருதடவைகூடத் திரும்பிப் பார்க்காது. ஆனாலும் போய்ச் சேர்ந்துவிடும். நடுவில் ஒரு குச்சியை வைத்தால் சுற்றிக்கொண்டு போகும், உருண்டையைப் பிடுங்கிக்கொண்டால் அசராமல் புதிதாக ஒன்று பிடிக்கத் தொடங்கிவிடும். அந்தப் பொறுமையில் கால் பங்கு எனக்கு இருந்திருந்தால் கணக்கில் நான் அவ்வளவு அடி வாங்கியிருக்க மாட்டேன்.

இன்னொன்று ஒரு பறவை. பருந்தைவிடக் கொஞ்சம் பெரிது. அழுக்கு வெள்ளை உடம்பு, ரெக்கை ஓரமெல்லாம் கறுப்பு, முகத்தில் மட்டும் முடியே இல்லாமல் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி பளீரென்ற மஞ்சள். பிடரியில் முடி சிலுப்பிக்கொண்டு, எண்ணெய் வைக்காத பிள்ளையின் தலை போல இருக்கும். வெயில் ஏறினதும் வந்து இறங்கும். குழியைச் சுற்றிக் கோழி மாதிரி நடந்து சாணியைக் கொத்தும். நான் வைத்த பெயர் மஞ்சமூஞ்சி. சாணியோடு சேர்த்து வண்டுகளையும் அது விழுங்கும் என்பது ஒன்றுதான் எனக்கு அதனோடு இருந்த மனத்தாங்கல். அதனால் அது வருகிற நேரத்துக்கு முன்பே எனக்குப் பிடித்த வண்டுகளைப் பொறுக்கி பிஸ்கட் டின்னில் போட்டுவிடுவேன். அது போன பிறகு திரும்ப விட்டுவிடுவேன். ஒரு தடவைகூடப் பத்தடிக்குள் அது என்னை அண்ட விட்டதில்லை. ஒரு காலை நான் எடுத்து வைத்தால் அது இரண்டு காலை எடுத்து வைத்துத் தள்ளிப் போகும். என்றைக்காவது ஒருநாள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது அந்த வருஷம் பூராவும் எனக்கிருந்த ஒரே ஆசை.

"ரெண்டுல எது சித்தப்பா ஒசத்தி?" என்று ஒருநாள் கேட்டேன்.

சித்தப்பா பல் துலக்கிக்கொண்டிருந்தார். எந்தக் கேள்விக்கும் அவருடைய பதில் வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாகத்தான் வரும். "ரெண்டுமே முனிசிபாலிடிதான் பாப்பா. ஊர் அசிங்கத்தச் சுத்தம் பண்ணுற வேலை. ஆனா வண்டு இருக்கே, அது பர்மனெண்ட் ஸ்டாஃப். இந்த மஞ்சமூஞ்சி டெம்பரரி. என்னைய மாதிரி" என்றார்.

அம்மாவுக்கு இரண்டும் ஆகாது. வண்டைக் கண்டால் செருப்பைத் தேடுவாள். பறவை விஷயத்தில்தான் வேடிக்கை. அது ஆகாயத்தில் ரெக்கையை அசைக்காமல் வட்டமிடும்போது கீழிருந்து அதன் மஞ்சள் மூஞ்சி தெரியாது. அம்மா வற்றல் காயவைக்கிற கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "கிருஷ்ணா, கிருஷ்ணா" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள். பெருமாளின் வாகனமான கருடன் அல்லவா!

"அம்மா, அது கருடன் இல்ல. நம்ம குப்பைக்குழி மஞ்சமூஞ்சி" என்றேன் ஒருமுறை.

"வாயில போட்டன்னா தெரியும். கருடாழ்வாரப் பாத்து என்ன பேச்சு பேசுது பாரு!"

பத்து நிமிஷத்தில் அதே பறவை அதே ஆகாயத்திலிருந்து இறங்கிக் குழியோரம் உட்கார்ந்தது. அம்மா துடைப்பத்தை வீசினாள். "பீடை! சாணியத் திங்க வந்துருச்சு." பறவை கும்பிட்டதற்காகச் சந்தோஷப்படவும் இல்லை, துடைப்பத்துக்காகக் கோபித்துக்கொள்ளவும் இல்லை. நாலடி தள்ளிப் போய் வேலையைப் பார்த்தது.

அந்த வருஷம் எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தது. ஊரில் யாருக்கும் நினைவு தெரிந்து நடந்ததில்லை. விமானத்தில் அரசமரம் முளைத்துக் கிடந்த கோயிலை, பெரியப்பாதான் வருஷக்கணக்காக அலைந்து, ஆள் சேர்த்து, செங்கல் செங்கல்லாக நிமிர்த்தியிருந்தார். பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை. எதிரில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அடிபம்பில் குடத்தோடு வரிசையில் நிற்கும்போது, "புள்ள இல்லாதவன் கையால கும்பாபிஷேகம் நடந்தா ஊருக்கு ஆகுமா?" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் கேட்டது என் காதில் விழுந்தது. என் காதில் விழுந்ததென்றால் பெரியப்பா காதில் எத்தனை தடவை விழுந்திருக்கும்!

அதனால் அவருக்குக் கருடன் வேண்டியிருந்தது. கும்பாபிஷேகத்தன்று கலசத்தில் நீர் ஊற்றுகிற நேரத்துக்குக் கருடன் வந்து வட்டமிட வேண்டும். வட்டமிட்டால் பெருமாள் ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். பக்கத்து ஊரில் போன வருஷம் வரவில்லை. அந்த ஊர்த் தர்மகர்த்தா வீட்டு வைக்கோல்போர் தீப்பிடித்ததற்கும், அவர் மருமகள் கோபித்துக்கொண்டு போனதற்கும் அதுதான் காரணம் என்று இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா அந்த நாட்களில் நடக்கும்போதும் அண்ணாந்து பார்த்தே நடந்தார். இரண்டு தடவை வாய்க்காலில் காலை விட்டார்.

இதற்கு நடுவில் செவலை விழுந்தது. மதகுக் கட்டையில் கால் வழுக்கி, இடுப்பு முறிந்து, பின்னங்கால் இரண்டும் எழும்பவே இல்லை. நாலைந்து பேர் சேர்ந்து தூக்கிவந்து கொட்டகையில் வைக்கோல் மெத்தை போட்டுக் கிடத்தினார்கள். அது கத்திய கத்தல் இருக்கிறதே, தலையணையை எடுத்துக் காதில் அமுக்கினாலும் உள்ளே வரும். கம்பவுண்டர் ஒருத்தர் தினமும் சைக்கிளில் வந்து வலிக்கு ஊசி போட்டார். போட்ட ஒரு மணி நேரத்தில் செவலை கத்தலை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கும். நாக்கை நீட்டி என் முழங்கையை நக்கும். அந்த ஊசியை நான் சாமி மாதிரி நினைத்தேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் ஊசி போட்டும் அது அடங்கவில்லை. கம்பவுண்டர் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். நான் சைக்கிள் கேரியரைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னொரு ஊசி போடுங்க சார்."

"போட்டாச்சு பாப்பா. இதுக்கு மேல ஊசியில ஒண்ணும் இல்ல."

"வலிக்குதுல்ல. போடுங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணு." நான் அழுத அழுகையில் அம்மாவும் அழ ஆரம்பித்துவிட்டாள். "போடுங்க சார், வாயில்லாத ஜீவன். பொழைக்காட்டியும் பரவால்ல, வலி இல்லாம இருக்கட்டும்" என்றாள்.

அவர் என்னையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பாட்டிலில் மிச்சமிருந்ததை ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சிப் போட்டார். செவலையின் கத்தல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. காலிப் பாட்டிலைத் தூக்கி எறியப் போனவரிடம், "எனக்குக் குடுங்க சார்" என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். தடித்த கண்ணாடி, வாயில் சாம்பல் நிற ரப்பர் மூடி. "நல்லா கழுவிட்டு வச்சுக்க" என்று, மூடியைச் சுற்றியிருந்த தகரத்தைத் தன் கையாலேயே உரித்துக் கொடுத்தார். நல்ல மனுஷர்.

வியாழக்கிழமை விடிந்தபோது செவலை இல்லை.

அன்றைக்குத்தான் யாகசாலை ஆரம்பம். தெருவெல்லாம் மாவிலைத் தோரணம், ஒலிபெருக்கியில் சுப்ரபாதம். அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். சத்தம் வெளியே போனால், கும்பாபிஷேகம் செய்கிறவன் தம்பி வீட்டிலேயே சாவு விழுந்தது என்று ஊர் பேசும். பெரியப்பா கொட்டகைக்கு வந்து பார்த்தார். "யாகசாலை நடக்கிறப்ப ஊருக்குள்ள குழி வெட்டக் கூடாது. ஞாயித்துக்கெழம முடியட்டும். அதுவரைக்கும் ஆத்துத் திடல்ல கொண்டு போய்ப் போடுங்க" என்றார். அப்படி ஒரு விதி எங்கேயாவது எழுதியிருந்ததா, அவரே பயத்தில் போட்டதா, தெரியாது.

செத்த மாட்டைத் தூக்க ஒரு காலத்தில் கூப்பிட்ட குரலுக்கு வந்தவர்களின் பிள்ளைகள், இனிமேல் அந்த வேலைக்கு எங்களைக் கூப்பிடாதீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டிருந்தார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். ஆனால் அதுவரை அந்த வேலையைத் தொட்டே அறியாத எங்கள் வீட்டு ஆண்களுக்குக் கயிற்றை எங்கே கட்டுவது என்றுகூடத் தெரியவில்லை. சித்தப்பா கொம்பில் கட்டினார், பெரியப்பா காலில் கட்டினார், இரண்டு பேரும் இரண்டு பக்கம் இழுத்தார்கள். கடைசியில் ஒரு டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி, வைக்கோல் பாரம் போவது போல மேலே வைக்கோலைப் பரப்பி ஓட்டிக்கொண்டு போனார்கள். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் வண்டிக்கு வழி விட்டு எழுந்து நின்றார்கள்.

அடுத்த இரண்டு நாளும் மஞ்சமூஞ்சி குப்பைக்குழிக்கு வரவில்லை. செவலை இல்லாத கொல்லை அதற்குப் பிடிக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த மருந்து பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவி, அடியில் ஈரமண்ணும் கொஞ்சம் சாணியும் போட்டு, என் வண்டுகளில் ஆகச் சின்னதை அதில் குடிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எள் போட்டால் எள் விழாது. விமானத்தைச் சுற்றிக் கட்டிய சாரத்தின் உச்சியில் பட்டாச்சாரியார் குடத்தோடு நின்றார். பக்கத்தில் தலையில் பரிவட்டத்தோடு பெரியப்பா. கீழே மொத்த ஊரும் அண்ணாந்து நின்றது. முகூர்த்தம் நெருங்கியது. கருடனைக் காணோம். ஒலிபெருக்கியில் ஒருவர், "பக்தகோடிகள் அனைவரும் வானத்தைப் பார்க்கவும்" என்று ஐந்தாவது தடவையாகச் சொன்னார். ஒரு காக்காய் போயிற்று. இரண்டு கொக்கு போயின. எனக்குப் பின்னால் ஒரு பெண்குரல், "நான் அப்பவே சொல்லல?" என்றது. சாரத்தின் மேல் பெரியப்பாவின் முகம் வியர்த்து, ஒரு ராத்திரியில் பத்து வயது கூடின மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சித்தப்பாவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது ஆற்றுப் பக்கமிருந்து அது வந்தது.

ரெக்கையை அசைக்காமல், ஒரு அவசரமும் இல்லாமல், தென்னை உச்சிகளைத் தாண்டி வந்து, சரியாக விமானத்துக்கு மேலே ஒரு வட்டம் போட்டது. "கோவிந்தா!" என்று யாரோ அலறினார்கள். அடுத்த நிமிஷம் ஊரே அலறியது. மேளம் கெட்டிமேளமாயிற்று. அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பிக்கொண்டு கண்ணீர் வழிய நின்றாள். நான் மட்டும் பார்த்தேன்: வெள்ளை உடம்பு, கறுத்த ரெக்கை ஓரம், ஆப்பு போல முடிகிற வால். ஐயோ, இது நம்ம மஞ்சமூஞ்சி! சந்தோஷம் தாங்காமல் வாயைத் திறந்தேன். "சித்தப்பா, இது நம்ம..."

சித்தப்பா என் வாயைப் பொத்தினார். ஊரில் எதற்கும் சிரிக்கிற மனிதர், அன்றைக்குச் சிரிக்கவில்லை. "பேசாத பாப்பா. அண்ணனப் பாரு" என்றார்.

பெரியப்பா அழுதுகொண்டிருந்தார். சாரத்துக் கம்பைப் பிடித்துக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சின்னப்பிள்ளை போல அழுதார். பட்டாச்சாரியார் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பறவையை உற்றுப் பார்த்தார். பிறகு பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் குடத்தைச் சாய்த்தார். மஞ்சமூஞ்சி இன்னும் இரண்டு வட்டம் போட்டுவிட்டுத் திரும்ப ஆற்றுப் பக்கமே போயிற்று. அன்றைக்கு அடிபம்புப் பெண்கள் இரண்டு பேரும் பெரியப்பா காலில் விழுந்து திருநீறு கேட்டார்கள். பெருமாள் கோயிலில் திருநீறுக்கு எங்கே போவது? கற்பூரத் தட்டில் கிடந்த குங்குமத்தை எடுத்துப் பூசிவிட்டார்.

மறுநாள் மத்தியானம் வீட்டில் எல்லோரும் அலுப்பில் தூங்கினார்கள். எனக்கு மஞ்சமூஞ்சிக்கு நன்றி சொல்ல வேண்டியிருந்தது. பூவரச இலையில் கொஞ்சம் சாணி, பாட்டிலில் என் வண்டு, இரண்டையும் எடுத்துக்கொண்டு திடலுக்குப் போனேன். செவலை கிடந்த மேட்டுப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை என்று எனக்கு நானே சத்தியம் செய்திருந்தேன், பார்க்கவும் இல்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. வழியிலேயே கருவ மரத்தடியில் அது உட்கார்ந்திருந்தது.

நான் ஒரு காலை எடுத்து வைத்தேன். அது நகரவில்லை. இன்னொரு காலை வைத்தேன். கழுத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு, அலகு தரையில் படுகிற மாதிரி, அப்படியே இருந்தது. ஒருதரம் மெல்லத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது, மறுபடி தொங்கவிட்டுக்கொண்டது. பத்தடி, ஐந்தடி, ஓரடி. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேவிட்டேன்! என்னை அதற்குத் தெரிந்துவிட்டது. இத்தனை நாள் குழியோரம் பார்த்த பெண் இவள்தான், இவளிடம் பயப்பட வேண்டியதில்லை என்று முடிவு செய்துவிட்டது. அப்படித்தான் நினைத்தேன்.

இலையை அதன் முன்னால் வைத்தேன். தின்னவில்லை. என்ன வந்தாலும் கொடுக்கவே கூடாது என்று வைத்திருந்த வண்டை, மனசைக் கல்லாக்கிக்கொண்டு பாட்டிலிலிருந்து எடுத்து இலையில் விட்டேன். அதையும் தின்னவில்லை. வண்டு பாட்டுக்கு இலையிலிருந்த சாணியை உருண்டை பிடிக்க ஆரம்பித்தது. பறவையின் அலகுக்கு ஒரு விரற்கடை தள்ளி, அதன் நிழலிலேயே, தலைகீழாக நின்று தள்ளிக்கொண்டு போயிற்று. விருந்துச் சாப்பாடு சாப்பிட்ட அசதி போலிருக்கிறது என்று எண்ணி, "தூங்கு, தூங்கு" என்றேன். பெரியப்பா அழுததை அதனிடம் சொன்னேன். நீ கருடன் இல்லை என்று யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன். ஒரு விரலால் அதன் ரெக்கையைத் தொட்டுப் பார்த்தேன். தொட விட்டது. வெயில் சாயும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, வண்டைத் திரும்பப் பாட்டிலில் போட்டுக்கொண்டு, குதித்துக் குதித்து வீட்டுக்கு வந்தேன். என் குழந்தைப் பருவத்தில் அவ்வளவு சந்தோஷமான மத்தியானம் வேறு இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் செவலைக்குக் குழி வெட்ட ஆள் வந்தார்கள். பெரியப்பாவும் சித்தப்பாவும் திடலுக்குப் போனபோது நானும் பின்னாலேயே ஓடினேன். கருவ மரத்தடியில் மஞ்சமூஞ்சி ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு ரெக்கை விரிந்தபடி கிடந்தது. அலகிலும் மஞ்சள் முகத்திலும் எறும்பு. சித்தப்பா சட்டென்று நகர்ந்து பெரியப்பாவுக்கு மறைப்பாக நின்றார். பெரியப்பா அவரைக் கையால் ஒதுக்கிவிட்டுக் குனிந்தார். வெள்ளை உடம்பையும் கறுத்த ரெக்கை ஓரத்தையும் வெகுநேரம் பார்த்தார்.

"இதானாடா?"

"இது என்னமோ கழுகுண்ணே. கருடன் வேற மாதிரி..."

"இதானான்னு கேட்டேன்."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். "ஆமாண்ணே."

நான் அடி விழும் என்று எதிர்பார்த்தேன், யாருக்கு என்றுதான் தெரியவில்லை. கும்பாபிஷேகத்தன்று கோயிலில் போர்த்திய பச்சைக்கரைத் துண்டு பெரியப்பாவின் தோளில் இருந்தது. இரண்டு நாளாக அதை அவர் கீழே வைக்கவே இல்லை. அதை எடுத்து உதறி, பறவையின் மேல் விரித்தார். விரிந்த ரெக்கையை மெதுவாக மடித்து உள்ளே சேர்த்தார்.

"நமக்காக வந்துச்சுல்ல. இதுக்குத் தனியாக் குழி வெட்டுங்க" என்றார் ஆட்களிடம். அப்புறம் என் பக்கம் திரும்பி, "யார்ட்டயும் சொல்லாத தங்கம்" என்றார். குரல் கெஞ்சுவது போலிருந்தது. அதற்கு முன்னும் பின்னும் அவர் யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை.

நான் சொல்லவில்லை. பெரியப்பா போய்ச் சேர்ந்தபோது, "கருடனே வந்து நின்ன மனுஷன்" என்று சொல்லித்தான் ஊர் அவரைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்து ஆகாயத்தில் ஒரு மஞ்சமூஞ்சியையும் நான் பார்க்கவில்லை. ஏன் செத்தது என்று சித்தப்பாவைக் கேட்டபோது, "ஒரேயடியாத் தின்னுருக்கும்" என்றார். எனக்கு மட்டும் வேறு சந்தேகம் இருந்தது. கருடன் மாதிரி வேஷம் போட்டதற்குப் பெருமாள் தண்டனை கொடுத்துவிட்டார் என்று நம்பி, ரொம்ப நாள் அந்தக் கோயில் பிரசாதத்தைக் கையில் வாங்கி வாயில் போடாமல் பாவாடையில் முடிந்துகொண்டு வந்துவிடுவேன்.

மகளுக்காகப் போனில் தேடிப் படித்த அன்றைக்குத்தான் விஷயம் தெரிந்தது. மாட்டுக்கு வலி தெரியாமல் இருக்கப் போடுகிற ஒரு மருந்து, மாடு செத்த பிறகும் அதன் இறைச்சியில் தங்கியிருக்குமாம். அதைத் தின்கிற பாறுக்கு இரண்டொரு நாளில் சிறுநீரகம் கெட்டுவிடுமாம். அந்த மருந்தை மாட்டுக்குப் போடக் கூடாதென்று அரசாங்கமே தடை போட்டிருக்கிறது. எங்கள் கம்பவுண்டர் போட்டது அதே மருந்துதானா என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் நோய் கண்ட பறவை கழுத்தைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும், ஆள் நெருங்கினாலும் நகராது என்று போட்டிருந்தது. அந்த வரியை மூன்று தடவை படித்தேன். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

மகள் சார்ட்டில் வண்டின் பக்கம் "ஏராளம்" என்றும் பாறின் பக்கம் "மிகக் குறைவு" என்றும் அழகாக எழுதிவிட்டாள். சித்தப்பாவின் பர்மனெண்டும் டெம்பரரியும் நினைவுக்கு வந்தது. "நீ நேர்ல பாத்துருக்கியாம்மா?" என்று கேட்டாள். "பக்கத்துல ஒக்காந்துருக்கேன்" என்றேன். "பொய்!" என்றாள்.

மஞ்சமூஞ்சியைப் புதைத்துவிட்டு வந்த அன்றைக்கு நான் கொல்லையில் உட்கார்ந்து பாட்டிலைக் கையில் வைத்து அழுதுகொண்டிருந்தேன். உள்ளே வண்டு புது உருண்டை ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு சௌக்கியமாக இருந்தது. இது மட்டுமாவது சாகக் கூடாதே, இதற்கு மூச்சு முட்டக் கூடாதே என்று பயந்து, ரப்பர் மூடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஊசி குத்திய ஓட்டைகள் சின்னச் சின்னதாக இருந்தன. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஆறு இருந்தது. கடைசி ஓட்டை நான் கேட்டுப் போட வைத்தது. நல்லவேளை கேட்டோம், வண்டுக்குக் காற்று போக இன்னும் ஒரு வழி ஆயிற்று என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.